கூகிளில் மட்டும் சனிக்கிழமை

அத்தியாயம் 4

மரணத்தின் முன்னால் மனிதர் யாவரும் சமம். அரசனும் ஆண்டியும் அங்கே ஒரே தட்டில் நிற்கிறார்கள்.

மரண அறிவித்தலில் அப்படியில்லை. அங்கே கனடாவில் இருக்கும் மகன் முதலாவது, பக்கத்துக் கிருலப்பனையில் இருக்கும் மகள் கடைசி. டொக்டர் மருமகனுக்குப் பெயருக்கு முன்னால் பட்டம். கடை வைத்திருக்கும் மருமகனுக்குப் பெயருக்குப் பின்னால் முற்றுப்புள்ளி. யாருடைய பெயர் யாருக்குக் கீழே வந்தது என்பதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒன்று உண்டு.

துப்பறிவாளர் தனஞ்சயனுக்கு இது தெரியும். காலி வீதியில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். ‘தனஞ்சயன் சர்வதேசப் புலனாய்வகம்’ என்று கதவில் பித்தளையில் பொறித்திருந்தது. பக்கத்தில் இருக்கும் தெகிவளைப் பாலத்தை ஒருதரம் தாண்டிப் போனபிறகுதான் ‘சர்வதேச’ சேர்ந்தது என்று உதவியாளர் நப்லா வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லுவாள்.

அன்று வந்திருந்த மயூரிக்கு அவள் எதையும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் முகம் அப்படி இருந்தது.

“அப்பா தியாகராசா. புதன்கிழமை காலமை போனவர்,” என்றாள் மயூரி. “பின்னேரமே இன்ரநெற்றில மரண அறிவித்தல் போட்டனாங்கள். சனிக்கிழமை தகனம் எண்டு. விடியக்காலமை மாமி வந்தா, அப்பான்ர தங்கச்சி. சனிப் பிணம் தனிப் போகாது, வீட்டில இன்னொண்டைக் கொண்டுபோகும், வெள்ளிக்கு மாத்து எண்டு ஒற்றைக்காலில நிண்டா.”

“சனிக்கெழம போனா தொணைக்கு ஆள் கூட்டிட்டுப் போகுமா?” என்றாள் நப்லா.

“அப்பிடித்தான் சொல்லுறவை. பெட்டியோட ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிவிட்டால் சரி. சவம் வைச்சிருக்கிற மலர்ச்சாலையில கோழிக்கு எங்க போறது?”

தனஞ்சயன் தலையசைத்தார். கோழியில்லாத நகரத்தில் நாளைத்தான் மாற்றவேண்டும்.

“வியாழன் விடிய ரெண்டு திருத்தம் அனுப்பினன்,” மயூரி தொடர்ந்தாள். “ஒண்டு நாள். மற்றது…” கதவுக்குப் பின்னால் மாமி நிற்கிறாளோ என்பதுபோல ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். “மற்றது சித்தப்பான்ர பேர். அப்பான்ர ஒரே தம்பி, சண்முகலிங்கம். கொட்டாஞ்சேனையில இருக்கிறார். கன வரியமா அப்பாவோட கதைபேச்சில்லை. அக்கான்ர கலியாண அழைப்பிதழ்க் காட்டில அவற்ர பேரை மாமின்ர பேருக்குக் கீழ அடிச்சுப்போட்டினம். அச்சகத்தின்ர பிழை எண்டு அப்பா சொன்னவர். சித்தப்பா நம்பேல்லை.”

“அறிவித்தலில பேரையே விட்டிட்டினமோ?” என்றார் தனஞ்சயன்.

“மாமி விடுவிச்சவ. அவருக்குப் போன் எடுக்க அம்மா விடேல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் பேரைச் சேர்த்தனான். அதைக் கண்டாலாவது வருவார் எண்டு.”

“வந்தாரோ?”

“சனிக்கிழமை வந்தார். மாலையோட. வெறும் மண்டபத்துக்கு.”

கீழே சேலைக் கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“வெள்ளிக்கிழமை கனத்தைச் சுடலையால வந்தவுடன மாமி அந்தப் பேரைக் கண்டிட்டா. வராதவனுக்கு என்னத்துக்குப் பேர் எண்டு அப்பவே எடுப்பிச்சா. இப்ப சித்தப்பா சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் எடுத்து, கூகிளில சனிக்கிழமை எண்டுதான் கிடக்கு, தாயும் மேளும் சேர்ந்து என்னை ஏமாத்திப்போட்டினம் எண்டுறார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரமாட்டாராம். அம்மா என்ர முகத்தைப் பாத்துக் கதைக்கிறேல்லை. நாளை மாத்தி அனுப்பினது நான்தானே.” அவள் கைக்குட்டையை நாலாக மடித்தாள். “ஆஸ்பத்திரியில அப்பா கடைசியாக் கேட்டது, தம்பி வந்தவனோ எண்டுதான். வருவார் எண்டு நான் சொன்னனான். என்னில பிழையெண்டால் பிழை எண்டு சொல்லுங்கோ, சேர். தாங்குவன். தெரியாமல் இருக்கத்தான் ஏலாமல் கிடக்கு.”

நப்லா ஏற்கெனவே போனில் தேடிக்கொண்டிருந்தாள். தியாகராசாவின் பெயரை அடித்ததும் கூகிளில் ஒரு துண்டு வாசகம் வந்தது: சனிக்கிழமை தகனம். அதை அழுத்தித் தளத்துக்குள்ளே போனால் மெல்லிய வீணை, விழுகின்ற பூ, எரிகின்ற விளக்கு. அதன் கீழே: வெள்ளிக்கிழமை தகனம்.

“ஒரு மையத்து, எரிக்க ரெண்டு நாள்,” என்றாள் நப்லா. “சேர், எழும்புங்க.”

*

‘மறையாச் சுடர்’ என்ற அந்தத் தளத்தின் அலுவலகம் பாமன்கடையில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் இருந்தது. கார் வெளியே வெயிலில் நின்றது. உரிமையாளர் கஜீவன் தன்னுடைய அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். ‘பிரதம நினைவுப் பொறியியலாளர்’ என்றிருந்தது.

“நாங்கள் அறிவித்தல் போடுறேல்லை. நிரந்தரத்தைக் கட்டி எழுப்புறம்,” என்றார்.

“அந்த நிரந்தரத்தில சனிக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒண்டா ஈக்குதே?” என்று நப்லா போனைக் காட்டினாள்.

கஜீவன் பார்த்தார். நிரந்தரம் கொஞ்சம் ஆட்டங்கண்டது. “இது ஜாவாஸ்கிரிப்ட் தளம்,” என்றார், நோயின் பெயரைச் சொல்லும் வைத்தியரைப்போல.

“எனக்குத் தமிழில சொல்லுங்கோ,” என்றார் தனஞ்சயன்.

நப்லா முந்திக்கொண்டாள். “சேர், நீங்க பாக்குற பூ, விளக்கு, பேர் எல்லாம் அங்க கட்டி வெச்சு ஈக்குற இல்ல. உங்கட போனுக்கு வந்த பொறகுதான் பொருந்துது. அங்கேந்து வாறது வெறும் பெட்டி. கூகிள் அனுப்புற ரோபோ அவசரக்காரன். வெறும் பெட்டியப் பாத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவான்.”

“பிறகு ஆறுதலா வந்து வாசிக்கும்தான்,” என்று கஜீவன் நியாயம் பேசினார். “அதுக்குள்ள எட்டாம் நாள் எட்டுச்செலவும் முடிஞ்சிடும். எங்கட சனம் கூகிளில பேரைத் தேடித்தானே செத்தவீட்டுக்கு வெளிக்கிடுது. அதுக்குத்தான் ஒரு சேவை எடுத்தனாங்கள். அவை எங்கட பக்கத்தை முன்கூட்டியே விரிச்சு, முழுசா ஒரு பிரதி எடுத்து வைச்சிருப்பினம். ரோபோ வந்தால் அந்தப் பிரதியை நீட்டுவினம்.”

“அந்தப் பிரதி பழசாப் போனால்?”

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போலக் கஜீவன் சுவரில் இருந்த பெரிய தொலைக்காட்சியைப் போட்டார். முழக்கமான இசையோடு ‘மூலோபாய ஒப்பீட்டாய்வு’ என்று எழுத்து வந்து சுழன்றது. மூன்று சேவைகளை ஒரு மழைக்காலம் முழுக்க ஒப்பிட்டிருந்தார். முதலாவது ஒவ்வொரு நாளும் பிரதியைப் புதுப்பிக்கும். பக்கத்துக்குப் பக்கம் காசு பிடிக்கும். இரண்டாவது, பக்கத்தில் கை வைத்த உடனே தகவல் கொடுத்தால் அந்தக் கணமே புதுப்பிக்கும். தகவல் கொடுக்கிற ஒழுங்கைத் தளக்காரரே எழுதவேண்டும். மூன்றாவது, மாதத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். மலிவு. வேகம், தோற்றம், பூ விழுகிற நேர்த்தி என்று எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டிருந்தது. மூன்றாவதைச் சுற்றிப் பொன்னிறக் கட்டம்.

“ஏன் மாதத்துக்கு ஒருக்கா?”

கஜீவன் குரலைத் தாழ்த்தினார். தத்துவம் வரும்போது அவர் அப்படித்தான். “இறந்தவரில என்ன மாற்றம் வரப்போகுது?”

“மையத்து மாறுற இல்லதான்,” என்றாள் நப்லா. “சுத்தி நிக்கிறவங்க மாத்துவாங்களே. திருத்தின அறிவித்தல் ஒண்ட வெச்சு இந்த மூணையும் பாத்தீங்களா?”

கஜீவன் தொலைக்காட்சியைப் பார்த்தார். எத்தனையோ நட்சத்திரங்கள் இருந்தன. அந்த வரி மட்டும் இல்லை.

“பாக்கேல்லை,” என்றார். இசை இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. நிறுத்துகிற பொத்தானைத் தேடினார்.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும் தனஞ்சயன் சட்டைக் கையை இழுத்துவிட்டார். வழக்கு முடிந்தால் அவர் செய்கிற காரியம் அது. “புதன் பின்னேரம் எடுத்த பிரதி. மயூரி வியாழன் விடிய மாத்தினதை ரோபோ இன்னும் காணேல்லை. மனிசர் ஒருத்தரும் ஏமாத்தேல்லை. குற்றவாளி ஒரு பழைய பிரதி.”

“நம்மட கேஸ்ல மொதல்முறையா குற்றவாளியப் புடிச்சு ரிஃப்ரெஷ் பண்ண ஏலும்,” என்றாள் நப்லா. “இதையும் சர்வதேசத்துல சேத்துக்கங்க, சேர். கொட்டாஞ்சேனைக்கும் போறமே.”

*

சண்முகலிங்கம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் மேல்தளத்தில் தனியாக இருந்தார். கதவைத் திறந்தவுடனேயே போனை எடுத்து நீட்டினார். யார் எதற்கு வந்தாலும் நீட்டிப் பழகிய கை அது.

“பாருங்கோ தம்பி. சனிக்கிழமை. நான் படிச்ச மனிசன், வாசிக்கத் தெரியாதவனோ? மாலையோட போய் நிக்கிறன், வெறும் கதிரையள். காவல்காரன் கேக்கிறான், மண்டபம் புக் பண்ண வந்தனீங்களோ எண்டு.”

“தளத்துக்கு உள்ள போய்ப் பாக்கேல்லையோ, ஐயா?”

“என்னத்துக்கு உள்ள போறது? மேலேயே எழுதிக் கிடக்கு. நான் உள்ள போகேல்லை.”

தனஞ்சயன் நடந்ததைச் சொன்னார். வெறும் பெட்டி, அவசரக்கார ரோபோ, மலிவுச் சேவை, பழைய பிரதி. தனக்கே இப்போதுதான் விளங்கியதை நீண்டகாலமாக அறிந்தவர்போலச் சொல்வதில் அவருக்கு ஒரு திறமை உண்டு. மயூரி மேல் பிழையில்லை என்று முடித்தார்.

கிழவர் கோபப்படுவார், வாதாடுவார், இரண்டு நாள் பிடிக்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார்.

“அப்ப கொம்பியூட்டரில பிழை,” என்றார் சண்முகலிங்கம் உடனே. “சரி. விடுங்கோ. பிள்ளையைக் கவலைப்படவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ரீ குடிக்கிறியளோ?”

இத்தனை வருடம் ஒரு கலியாணக் காட்டை மன்னிக்காத மனிதர், கால் நிமிடத்தில் ஒரு செத்தவீட்டை மன்னித்துவிட்டார். தனஞ்சயனுக்கு அது வெற்றிபோலத் தெரிந்தது. நப்லா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேநீர் வந்தது. சீனி கூடுதலாக.

“அந்தியேட்டிக்கு வருவியள்தானே, ஐயா?”

“வராமல்? கூடப்பிறந்தவன்.” கிழவர் சற்று நிமிர்ந்தார். பழைய காயம் ஒன்று எழும்பி உட்கார்ந்தது. “ஒண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ. அண்டைக்கு நினைவு மலர் அடிப்பினம். அதிலயாவது என்ர பேரைச் சரியான இடத்தில போடச்சொல்லுங்கோ. அறிவித்தலில போட்டமாதிரித் தங்கச்சிக்குக் கீழ போடவேண்டாம். நான் அவளுக்கு மூத்தவன். கலியாணக் காட்டிலயும் உதே பிழை.”

நப்லா விசுக்கோத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

“அங்கிள்,” என்றாள் மெல்ல, “அறிவித்தல்ல உங்கட பேரக் கண்டீங்களா?”

“கண்டபடியால்தானே சொல்லுறன்.”

தனஞ்சயன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன கையோடு நின்றார். இறக்கி இழுத்துவிட்ட சட்டைக் கையில் தேநீர் சிந்தியது.

“ஐயா,” என்றார். “கூகிளில இருக்கிற சனிக்கிழமைப் பிரதியில உங்கட பேர் இல்லை. உங்கட தங்கச்சி விடுவிச்சவ. இப்ப தளத்துக்குள்ள போனாலும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்துப்போட்டினம். உங்கட பேர் இருந்தது வியாழன் விடியத் தொடங்கி வெள்ளி பின்னேரம்வரைக்கும்தான். அதைக் கண்ட ஆள், அதுக்குப் பக்கத்தில வெள்ளிக்கிழமை தகனம் எண்டு இருந்ததையும் கண்டிருப்பார்.”

சண்முகலிங்கம் எழும்பி மின்விசிறியைக் கூட்டினார். பிறகு குறைத்தார். பிறகு வந்து இருந்தார்.

“பேரைப் போட்டது ஆர்?” என்று கேட்டார்.

“மயூரி. ஒருத்தருக்கும் தெரியாமல். நீங்கள் வருவியள் எண்டு.”

கிழவர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார்.

“வந்தனான், தம்பி.”

“எப்ப?”

“வெள்ளிக்கிழமைதான். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, நேரத்தோட வந்தனான். அந்த மலர்ச்சாலையில ரெண்டு மண்டபம். ரெண்டிலயும் சனம். கண் நிறைஞ்சிருந்தது, பலகையில ஒண்டும் தெரியேல்லை. கிட்ட இருந்ததுக்குள்ள போனன். போய்ப் பெட்டியடியில நிண்டு பாத்தால், கோட்டுப் போட்டுக் கிடக்குது. கையில செபமாலை.”

நப்லா கதிரையின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

“நினைச்சன், மனிசியின்ர பேச்சைக் கேட்டு அண்ணன் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டான் எண்டு. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் மாறிட்டான் எண்டு.” அவர் குரல் உடைந்தது. “அதையும் மன்னிச்சன், தம்பி.”

“முகத்தைப் பாத்தும் தெரியேல்லையோ?”

“எத்தினை வரியமாப் பாக்காத முகம். வருத்தத்தில மெலிஞ்சு மாறிப்போச்சாக்கும் எண்டு நினைச்சன். காலைப் பிடிச்சன். என்னிலதான் பிழை எண்டன். ஒரு கலியாணக் காட்டுக்காக இப்பிடி இருந்திட்டன் எண்டு கத்தி அழுதன். அங்க நிண்ட சிங்கள ஆக்கள் என்னைக் கட்டிப்பிடிச்சு, அய்யே, அய்யே எண்டு சிங்களத்தில அண்ணன் முறை சொல்லித் தாங்களும் அழுதினம். ஒரு பொம்பிளை சோடா தந்தா. எனக்கு அது பெரிய ஆறுதலாயிருந்தது. அண்ணன்ர கூட்டாளியள் நல்ல சனம் எண்டு நினைச்சன். பிறகு ஃபாதர் வந்து பேரைச் சொல்லிச் செபம் துவங்கினார்.”

“என்ன பேர்?”

“பிறெடி.”

சிரிக்கவேண்டிய இடம் அது. மூன்று பேரில் ஒருவராலும் சிரிக்க முடியவில்லை.

“அண்டிரவு பழைய சனிக்கிழமையைக் கூகிளில கண்டன். கடவுள் தந்தமாதிரி இருந்தது. அடுத்தநாள் ஒரு மாலையை வாங்கிக்கொண்டு திரும்பப் போனன். அது நடிப்பெண்டும் சொல்லேலாது. வெறும் மண்டபத்திலயெண்டாலும் ஒருக்கா நிண்டிட்டு வருவம் எண்டுதான். பிறகு ஒவ்வொருத்தருக்கும் போன் எடுத்துச் சொல்லச் சொல்ல, அதே உண்மை மாதிரி வந்திட்டுது.” தனஞ்சயனின் கையைப் பிடித்தார். “தம்பி, கொம்பியூட்டரில பிழை எண்டே சொல்லிவிடுங்கோவன். அதுவும் பொய்யில்லைத்தானே.”

பொய்யில்லைதான். பழைய பிரதி உண்மையாகவே அங்கே இருந்தது. கஜீவனும் உண்மையாகவே மடையன். தனஞ்சயன் சர்வதேசப் புலனாய்வகத்தின் தொழில் தர்மம் பற்றிக் கதவில் பித்தளையில் எதுவும் பொறித்திருக்கவில்லை.

“சொல்லலாம், ஐயா,” என்றார். “ஆனால் அந்தப் பிள்ளை, நாளை மாத்தின கை தன்ர கை எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்குது. பிரதி பழசு எண்டு சொன்னாலும், மாத்தாட்டில் நீங்கள் வந்திருப்பியள் எண்டுதான் அதுக்குத் தோணும். தகப்பனுக்குச் சொன்ன சொல்லை தான் காப்பாத்தேல்லை எண்டு சாகுமட்டும் நினைக்கும்.”

“என்ன சொல்லு?”

“தகப்பன் கடைசியாக் கேட்டது, தம்பி வந்தவனோ எண்டுதான். பிள்ளை, வருவார் எண்டது.”

கீழே தெருவில் ரொட்டி விற்கும் ஒரு பாண்காரனின் வண்டி இசையோடு வந்து, நின்று, போனது. நப்லா ஒன்றும் கேட்காமல் தன் போனில் மயூரியின் எண்ணை அழுத்தி மேசைமேல் வைத்தாள்.

“வணக்கம் சேர்,” என்றது மயூரியின் குரல்.

“நான் சித்தப்பா, பிள்ளை.”

“சித்தப்பா?” என்றாள் மயூரி.

“உன்னில பிழையில்லை. நீ போட்ட பேரைக் கண்டனான். வெள்ளிக்கிழமை எண்டு தெரிஞ்சு, வெள்ளிக்கிழமைதான் வந்தனான்.” அவர் எல்லாவற்றையும் சொன்னார். கோட்டு, செபமாலை, சோடா ஒன்றையும் விடவில்லை. மயூரி நடுவில் ஒரு சத்தம் போட்டாள். அழுகையா சிரிப்பா என்று போனில் தெரியவில்லை.

“அப்பாட்டை வந்திட்டியள், சித்தப்பா,” என்றாள். “அப்பா கேட்டமாதிரி வந்திட்டியள்.”

“ஓம், பிள்ளை. பக்கத்து மண்டபம்வரைக்கும்.”

கொஞ்ச நேரம் இரண்டு பக்கத்திலும் அழுதார்கள். பிறகு அவள் கேட்டாள், குற்றம் சாட்டுவதற்காக அல்ல, விளங்கிக்கொள்வதற்காக: “ஃபாதர் பேரைச் சொன்ன உடன தெரிஞ்சுதுதானே. அப்ப நாங்கள் அடுத்த மண்டபத்திலதானே நிண்டனாங்கள். ஓடி வந்திருக்கலாமே, சித்தப்பா?”

சண்முகலிங்கம் நப்லாவைப் பார்த்தார். தனஞ்சயனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

“தூக்கச் சொல்லிக் கேட்டினம், பிள்ளை. மாட்டன் எண்டு சொல்ல வெக்கமாயிருந்தது.”

தியாகராசாவின் வண்டி கனத்தைக்குப் புறப்பட்டபோது, அவருடைய ஒரே தம்பி பிறெடியின் பெட்டியில் முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்திருந்தார்.